மாங்காய்ப் பீட்சாவைத் தெரிந்து தின்ற நாலு பேர்

அந்த வருஷம் செவல்மேட்டில் மழை பெய்தால் எல்லார் மேலும்தான் பெய்யும், ஆவுடையப்பன் வீட்டு நாலு பேரைத் தவிர. இதைக் கேட்டு வாயைப் பிளக்கிறவர் யாரோ அவர் வெளியூர் என்று அங்கே கண்டுபிடித்துவிடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் எப்போதோ பழகிவிட்டார்கள். மேற்கு மலையிலிருந்து சாரல் இறங்கும்போது வற்றல் காயப் போட்டவர்கள் யாரும் அலறியடித்து ஓடி வற்றலை அள்ளுவதில்லை. ஆவுடையப்பனைக் கூப்பிட்டு வந்து, வற்றலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கையில் ஒரு டம்ளர் காபியையும் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவர் தலைக்கு மேலே ஒரு பெரிய பாய் அகலத்துக்கு வானம் வெளுத்து, சுள்ளென்று வைகாசி வெயில் அடிக்கும். சுற்றிலும் மழை கொட்டும்.

எப்படி வந்தது இது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. யாரால் வந்தது என்பதில் மட்டும் ஊருக்குள் இரண்டு பேச்சு கிடையாது. அந்த வீட்டு மருமகள் பகவதி சுட்ட பீட்சாவால் வந்தது.

பகவதி கடற்கரைப் பக்கம் பனைவிளையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் நயினாருக்கு டவுனில் மோட்டார் பம்ப் கடை. வீட்டில் மாமனார் ஆவுடையப்பன், மாமியார் கோமதியம்மாள், படிப்பை முடித்துவிட்டு வரனுக்குக் காத்திருந்த நாத்தனார் சிவகாமி. கல்யாணமான புதிதில் நயினார் அவளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ஒரு கடையில் பீட்சா வாங்கிக் கொடுத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது, வீட்டிலேயே இதைவிட நன்றாகச் செய்யலாமே என்று சொல்லிக்கொண்டு வந்து, புறவாசலில் செங்கல்லையும் செம்மண்ணையும் குழைத்து, கவிழ்த்த பானை மாதிரி ஓர் அடுப்பைக் கட்டி, உள்ளே கடப்பைக் கல்லைப் போட்டு, விறகை எரித்துத் தணலை ஒதுக்கிவிட்டு, முதல் பீட்சாவைக் கரிய விட்டாள். இரண்டாவதும் கரிந்தது. மூன்றாவதைத் தெருவே வந்து முகர்ந்து பார்த்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாதம் மாறுவதை யாரும் காலண்டரில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, தட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஆடிக் காற்றில் முருங்கைக் கீரையும் சின்ன வெங்காயமும், அவளுடைய அம்மா பஸ்ஸில் கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாடும் போட்டுச் சுடுவாள். புரட்டாசியில் கவிச்சி ஆகாது என்று பூசணிப்பூவையும் வேகவைத்த பாசிப்பருப்பையும் பரப்புவாள். ஐப்பசியில் இடி இடித்த மறுநாள் புற்றோரம் முளைத்த காளானைப் பறித்து வந்து மிளகும் பூண்டும் தட்டிப் போடுவாள். மார்கழியில் மொச்சை, தையில் பனங்கிழங்குத் துருவலும் கருப்பட்டியும், பங்குனியில் வேப்பம்பூ, சித்திரை வைகாசியில் கிளிமூக்கு மாங்காயும் வரமிளகாயும். ஆவுடையப்பன் அதை ரொட்டி என்றுதான் சொல்வார். "இன்னைக்கு என்ன ரொட்டிம்மா?" என்று கேட்டுக்கொண்டே காலை நீட்டி உட்காருவார். வட்டமான பீட்சாவை எட்டாக வெட்டினால் நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு துண்டு சரியாக வரும். பகவதிக்குக் கல்லில் ஒட்டிய சீஸ் வரும். அதைச் சுரண்டித் தின்றுவிட்டு அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சிவகாமிக்கு நிச்சயதார்த்தம் வைத்தது வைகாசியில், அக்கினி நட்சத்திரம் முடியாத ஒரு நாளில். மாப்பிள்ளை வீட்டார் பீட்சாவைப் பற்றிக் கேள்விப்பட்டு, இலைச் சாப்பாடு எங்கேயும் கிடைக்கும், உங்க மருமக சுடுறதைத்தான் திங்கணும் என்று கேட்டிருந்தார்கள். பகவதி விடியும் முன்னே அடுப்பு மூட்டினாள். கோமதியம்மாள் வந்து, "போனைக் கொண்டாம்மா, மாவுக் கையோட எடுத்துக்கிட்டு. சார்ஜ்ல போட்டு வைக்கேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு முழுவதும் பகவதி புறவாசலை விட்டு வரவில்லை. ஒரு படி மாவு முடிந்தால் மாமியார் இன்னொரு படியைக் கொண்டுவந்து கொட்டினாள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அவள் தட்டினாள், தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். வந்தவர்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்து, கை மணக்குதே தாயி என்று பகவதியின் தலையில் ஒரு முழம் மல்லிகைப்பூவை வைத்துவிட்டுப் போனாள். பட்டுச்சேலையில் எண்ணெய் படும் என்று சிவகாமிக்குப் பகவதியே ஊட்டிவிட்டாள். அன்றும் அவளுக்கு ஒரு துண்டு மிஞ்சவில்லை.

மறுநாள் காலை, வந்தவர்களையெல்லாம் அனுப்பி வைத்து வாசல் தெளித்த பிறகு, ஆவுடையப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒங்கம்மா தவறிட்டாவம்மா" என்றார்.

பகவதி போய்ச் சேர்ந்தபோது பனைவிளையில் எல்லாம் முடிந்திருந்தது. தம்பி வேலாயுதம் மொட்டைத் தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அவன் கேட்டது இதுதான்: "ஏன்க்கா வரலை? நேத்து விடியக்காலையிலயே போன் போட்டேன். நீ கெளம்பிட்டன்னு அத்தான் சொன்னாவ. அப்புறம் பஸ்ல இருக்கன்னாவ. அப்புறம் பாதி வழி தாண்டிட்டன்னாவ. ஐஸ் கட்டி வாங்கி வாங்கி அடுக்கி சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தோம். இந்த வெயில்ல அதுக்கு மேல அம்மா தாங்கலக்கா." பகவதி தலையில் கையை வைத்தாள். வாடிய மல்லிகைப்பூ இன்னும் அங்கே இருந்தது. அதைப் பிய்த்து எறிந்தபோது கூடவே கொத்து முடியும் வந்தது.

காரியம் முடிந்து ஆனி பிறந்த பிறகு அவள் செவல்மேட்டுக்குத் திரும்பினாள். எதற்குத் திரும்பினாய் என்று பிற்பாடு கேட்டவர்களிடம், "அங்கயே இருந்தா இவிய நிம்மதியா இருப்பாவல்லா" என்று சொன்னாள். வந்ததும் பையைக்கூட இறக்காமல் நாலு பேரையும் கூடத்தில் வைத்துக் கேட்டாள். "எங்கம்மா செத்தது உங்களுக்கு எப்பம் தெரியும்?"

"மறுநாள் காலையிலதான்" என்றான் நயினார், கொஞ்சங்கூட யோசிக்காமல். மறுநாள் காலையில்தான் என்றார் ஆவுடையப்பன். ஆமாம் என்றாள் கோமதியம்மாள். சிவகாமி தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அன்று மத்தியானம் அந்த வருஷத்தின் முதல் சாரல் இறங்கியது. தெருவே வெளியே வந்து முகத்தை நீட்டிக்கொண்டு நின்றது. பகவதி புறவாசலில் நின்று தொப்பலாக நனைந்தாள். பக்கத்திலேயே நின்ற நாலு பேர் மேலும் ஒரு சொட்டு விழவில்லை. மழை அவர்கள் பக்கம் வந்து, முகம் கொடுக்க விருப்பமில்லாதவர்களைக் கண்ட மாதிரி ஒதுங்கிப் போயிற்று. குளித்துப் பார்ப்போம் என்று ஆவுடையப்பன் கிணற்றடியில் குடத்தைத் தலையில் கவிழ்த்தார். தண்ணீர் தலைக்கு ஒரு சாண் மேலேயே இரண்டாகப் பிரிந்து தரையில் விழுந்தது. ஈரத்துண்டைக் கிட்டே கொண்டுபோனால் காய்ந்து மொடமொடத்தது. குடிக்கிற தண்ணீர் தொண்டைக்குள் இறங்கியது, தாகம் மட்டும் அடங்கவில்லை. அவர்களுக்கு அந்த வைகாசி நாள் முடியவே இல்லை.

ஊர் ஒரு வாரம் ஆச்சரியப்பட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் விசாரித்தார்கள். அவர்களும் அதே மாங்காய்ப் பீட்சாவைத்தான் வயிறு முட்டத் தின்றிருந்தார்கள், ஆனால் அவர்கள் ஊரில் அவர்கள் நன்றாக நனைந்துகொண்டிருந்தார்கள். அப்பளம் போடும் பேச்சிக்கனிதான் விஷயத்தைப் பிட்டு வைத்தாள். "சாவுச் சேதி காதுல விழுந்தா தலைமுழுகணுமா வேண்டாமா? முழுகாம, ஒண்ணும் தெரியாத மாதிரி சப்புக் கொட்டித் தின்னிருக்காவ. தெரியாமத் தின்னவங்கள தண்ணி விட்டுருச்சு. தெரிஞ்சு தின்னவங்களத்தான் தொட மாட்டேங்கு." தெருவில் எல்லாரும் மூக்கில் விரலை வைத்தார்கள். பிறகு, சரி, இருக்கிறதை என்ன செய்ய என்று இருப்பதை வைத்துப் பிழைக்கிற வழியைப் பார்த்தார்கள்.

பகவதிக்குச் சந்தோஷமாக இருந்தது. பூசி மெழுகிச் சொல்ல என்ன இருக்கிறது, அவள் வயிறு குளிர்ந்தது. நாலு பேர் என்று பார்த்தபோது சிவகாமி மேல் மட்டும் கொஞ்சம் வருத்தம் வந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கிறதே என்று. அந்த வருத்தத்தையும் மாவோடு சேர்த்துப் பிசைந்துவிட்டாள்.

வற்றல் போடுகிறவர்களுக்கு ஆவுடையப்பன் கிடைத்தார். ஆடியில் கோவில் கொடைத் திருவிழாவுக்குத் திறந்தவெளியில் சமையல் நடந்தபோது அடுப்பு அணையாமல் இருக்கக் கோமதியம்மாளை நடுவில் உட்கார்த்தி வைத்தார்கள். ஆனால் கோவிலுக்குள் விடவில்லை; தலைமுழுகாம எப்படிம்மா, வெளிய நின்னே கும்பிடுங்க, அம்மனுக்குக் கண்ணு தெரியும் என்று பூசாரி நயமாகச் சொல்லிவிட்டார். விதைப்பு தொடங்கியதும் நயினார் வயல் பக்கம் வரக் கூடாது என்று சம்சாரிகள் கூடிப் பேசி முடிவெடுத்து, ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவன் எங்கே நிற்கிறான் என்று நாள் முழுவதும் போட்டுக்கொண்டிருந்தார்கள். பம்ப் ரிப்பேருக்கு அவனைக் கூப்பிட்டவர்கள் வேறு ஆளைத் தேடினார்கள், அவன் வந்தால் கிணற்றிலும் தண்ணீர் இறங்கிவிடுமோ என்று பயந்து. வெயில் வீட்டுக்காரர்கள் என்று பெயரும் வைத்தாயிற்று. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நனைந்த சட்டையைக் கழற்றிக் கோமதியம்மாள் மடியில் போட்டுவிட்டு, காய்ந்ததும் மாட்டிக்கொண்டு போயின. அது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. கோமதியம்மாளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

பகவதி தன் வேலையை விடவில்லை. ஆடியில் முருங்கைக் கீரை, புரட்டாசியில் பூசணிப்பூ என்று மாதம் தவறாமல் சுட்டாள். இப்போது வெட்டியதும் முதல் துண்டை எடுத்துத் தானே தின்றாள், அதுவும் எல்லாரும் பார்க்க, மென்று மென்று தின்றாள். அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தாள், அவர்கள் நாக்கில் பூசணிப்பூ பூசணிப்பூவாகத்தான் இருந்தது. அந்த நாலு பேர் வாயில் வைத்தால் மட்டும், எது போட்டிருந்தாலும், கிளிமூக்கு மாங்காயும் வரமிளகாயும் சுரீரென்று அடித்தது. ஆவுடையப்பன், இன்னைக்கு என்ன ரொட்டி என்று கேட்பதை நிறுத்திவிட்டார். வேண்டாம் என்று தள்ளினால் பகவதி பசி எடுக்கும்வரை தட்டை மூடி வைத்திருந்து மறுபடியும் கொண்டுவந்து வைப்பாள். வேறு எதுவும் சமைக்க மாட்டாள்.

ஆவணியில் சிவகாமிக்குக் கல்யாணம் நடந்தது. நலுங்குத் தண்ணீர் தலையில் நிற்காததை மறைக்கக் கோமதியம்மாள் கூந்தலில் எண்ணெயைத் தடவி, ஈரம்போலக் காட்டினாள். சூட்டு உடம்பு என்று சம்பந்தியிடம் சொல்லி வைத்தாள். ஐப்பசியில் தலைதீபாவளி வந்தது. மாப்பிள்ளையோடு வந்திறங்கிய சிவகாமியை விடிகாலையில் மணையில் உட்கார வைத்து, மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் எண்ணெய் தேய்த்தார்கள். மாப்பிள்ளை குளித்துப் புதுச் சட்டை போட்டு வெடியும் வெடித்துவிட்டான். சிவகாமி தலையில் ஊற்றிய வெந்நீர் எல்லாம் தரையோடு போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கியது. அண்டாத் தண்ணீர் தீர்ந்ததும் அவள் எழுந்து, அப்படியே புறவாசலுக்கு ஓடினாள். பகவதி காளானை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மதினி, எனக்குத் தெரியும்" என்றாள் சிவகாமி. "போன் வந்தப்பம் அண்ணன் பக்கத்துலதான் நின்னேன். உங்க தம்பி அழுதது வெளியவே கேட்டுச்சு. சொன்னா நீங்க போயிருவீய, எனக்கு நிச்சயம் நின்னுரும்னு பயந்து வாய மூடிக்கிட்டேன். அப்புறம் நீங்க ஊட்டிவிட்டீயல்லா... அது தொண்டைக்குள்ள எறங்கும்போதே எனக்குத் தெரியும் மதினி."

பகவதி கத்தியைக் கீழே வைத்தாள். தவலையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு அவள் தலையில் ஊற்றினாள். தண்ணீர் நேராக உச்சியில் விழுந்து, எண்ணெயோடு கலந்து, காதோரம் வழிந்து, கழுத்துக்குள் இறங்கியது. சிவகாமி வீல் என்று கத்தினாள், குளிர்ச்சியைத் தாங்க முடியாமல். பகவதி இன்னொரு செம்பு ஊற்றினாள், அப்புறம் இன்னொன்று. "சரி. போய்த் தலையத் துவட்டு" என்றாள். மன்னித்தாளா என்றால் இல்லை. தண்ணீர் மன்னித்ததோடு சரி.

பகவதியின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொன்னால் தண்ணீர் படும் என்பது அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஆவுடையப்பன் கார்த்திகை வரைக்கும் பொறுத்தார். வற்றல் போடுகிறவர்கள் கொடுத்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. கடைசியில் வேர்க்குரு கொப்புளமாகி, சட்டையே போட முடியாமல் ஆனதும் மருமகள் முன்னால் வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "நான்தான் சொன்னேன், மாப்பிள்ளை வீட்டார் படியிறங்குற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாதுன்னு. எல்லாரையும் இந்தக் கூடத்துல நிப்பாட்டி வச்சுச் சொன்னேன்." தெருவில் இறங்கினார், அடைமழை அவரைப் பிடித்துக்கொண்டது. பேச்சிக்கனி தலையில் அடித்துக்கொண்டாள், அவளுடைய அப்பளம் பாதி காய்ந்த நிலையில் கிடந்தது.

தைப்பொங்கலன்று குளிக்காமல் பானை வைக்க முடியாது என்று கோமதியம்மாளும் வழிக்கு வந்தாள். அவள் அழுதுகொண்டே சொன்னாள். "போனைப் புடுங்கி அரிசிப் பானைக்குள்ள பொதைச்சது நான். அது உள்ளயே அதிர்ந்து அதிர்ந்து அடங்குச்சு. நீ வெளிய வந்துரக் கூடாதுன்னு மாவ மாவக் கொண்டாந்து கொட்டிக்கிட்டே இருந்தேன்." பகவதி கேட்டாள், சரி என்றாள், பித்தளைக் குடத்தை அவளே தூக்கி ஊற்றினாள். அன்றைக்குச் சுட்டது பனங்கிழங்குப் பீட்சா. கோமதியம்மாள் வாயில் அது பனங்கிழங்காகவே இனித்தது, அதற்கும் ஒரு பாட்டம் அழுதாள்.

மிச்சம் நயினார். அவனுக்கும் சொல்ல ஆசைதான், ஆனால் சொல்லும்போது நாக்கு தானாகவே ஓரமாகப் போய்விடும். போன் அப்பா கையில்தான் இருந்தது என்றான். தெருக்காரர்கள் ஆவலாக ஊற்றிய குடத்துத் தண்ணீர் தலைக்கு மேலே பிரிந்து, ஊற்றியவர்கள் காலையே நனைத்தது. சிக்னல் சரியில்லை, பாதிதான் காதில் விழுந்தது என்றான். இன்னொரு குடம் வீணானது. "எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான், அந்த வெயில்ல நீ அங்க போயி என்ன செஞ்சிருப்ப?" என்று ஒருநாள் சொன்னான். அன்றைக்குத் தண்ணீர் அவனை நெருங்கக்கூட மாட்டேன் என்று குடத்துக்குள்ளேயே நின்றுவிட்டது, கவிழ்த்த பிறகும். மாசி போனது, பங்குனியில் வேப்பம்பூ வந்தது, சித்திரை பிறந்தது. அவன் கடையைச் சாத்திவிட்டான். முதுகு முழுக்கத் தோல் உரிந்து, பாயில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினான். பகவதி வேளை தவறாமல் அவனுக்கு இரண்டு துண்டு கொண்டுவந்து வைத்தாள்.

மறுபடியும் வைகாசி வந்தபோது, அவன் வெயிலும் ஊர் வெயிலும் ஒன்றாகிப் போயின. ஒரு நாள் காலையில் அவன் புறவாசலுக்கு வந்தான். வந்த தோரணையிலேயே தெரிந்தது. முகத்தில் சாக்கு ஒன்றும் மிச்சமில்லை.

"இன்னைக்குச் சொல்லிருதேன் பகவதி. எல்லாத்தையும். நான்தான், நானேதான் வேலாயுதத்துக்கிட்ட..."

"இங்க வேண்டாம்" என்றாள் பகவதி. கையில் மாவு இருந்தது. "வாசல்ல நின்னு சொல்லுங்க, ஊரு கேக்கட்டும். நீங்க போய் நில்லுங்க. இந்தா வாரேன்."

அவன் போய் வாசலுக்கு எதிரே நடுத்தெருவில் நின்றான். சேதி பரவித் தெரு நிறைந்தது. பேச்சிக்கனி அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இன்னைக்குப் படும்" என்று சொல்லிவிட்டாள். ஆளுக்கொரு குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து வரிசையில் வைத்தார்கள். அவன் மேல் எல்லாருக்கும் இரக்கம் வந்துவிட்டிருந்தது. ஒரு வருஷமாகக் குளிக்காத மனுஷன். அந்த வார்த்தைகள் அவன் வாய்க்குள் வந்து தயாராக இருந்தன. அவளிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி, வேறு யாரிடம் சொன்னாலும் செல்லாது.

பகவதி மாவைப் பிசைந்தாள். மாங்காயை நறுக்கினாள். அடுப்பு சூடேறக் காத்திருந்தாள். சிவகாமியின் மாமியார் வீட்டிலிருந்துகூட வேடிக்கை பார்க்க ஆள் வந்திருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியது. ஆவுடையப்பன் வந்து, "அம்மா, அவன் நிக்கான்" என்றார். "வாரேன் மாமா, ஒரு கை வேலைதான்" என்றாள். முதல் பீட்சா வெந்தது, எடுத்து வைத்துவிட்டு இரண்டாவதைத் தட்டினாள். தெருவில் தார் இளகியது. நயினாருக்கு உதடு வெடித்தது. உட்காரச் சொன்னவர்களிடம் தலையை மட்டும் ஆட்டினான், வாயைத் திறந்தால் வந்த வார்த்தை போய்விடுமோ என்று பயந்தான்.

கோமதியம்மாள் ஓடி வந்தாள். "ஏம்மா, இப்பம் போய்க் கேட்டா என்ன? அவன் சொல்லிருதேன்னுதான நிக்கான். கண்ணு சொருகுது அவனுக்கு. ரெண்டு எட்டு எடுத்து வச்சு வாசலுக்கு வாயேன்."

பகவதி திரும்பிப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் கோபம்கூட இல்லை, ஒரு வருஷம் பத்திரப்படுத்தியதை எடுத்துச் செலவழிக்கிறவளின் நிதானம்தான் இருந்தது. "அவ கெளம்பிட்டான்னு சொல்லுங்க அத்தை" என்றாள்.

மாமியாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். ஆனாலும் பெற்றவள், மகன் விழுந்துவிடக் கூடாதே என்று வாசலுக்குப் போய், "கெளம்பிட்டா ராசா" என்றாள். நயினார் நிமிர்ந்து நின்றான். வெயில் சாய்ந்தது. மாமியார் மறுபடி உள்ளே வந்தாள். "நடையைத் தாண்டிட்டான்னு சொல்லுங்க" என்றாள் பகவதி, பீட்சாவை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே. கோமதியம்மாள் போய் அதையும் சொன்னாள். சொல்லும்போது கழுத்து வியர்த்தது, அது வெயிலாகவும் இருக்கலாம். நயினாருக்கும் இப்போது விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் அவன் நகரவில்லை, ஒருவேளை வந்துவிட்டால் என்று கண்ணை வாசலிலேயே வைத்திருந்தான்.

மாடுகள் திரும்பும் நேரத்தில் கூட்டம் கலையத் தொடங்கியது. யாரும் பகவதியைத் திட்டவில்லை, அவள் செய்தது சரி என்றும் சொல்லவில்லை. அடுப்படி வேலை கிடந்தது எல்லாருக்கும். குடங்களைத் தூக்கிக்கொண்டு போய், அந்தத் தண்ணீரில் உலை வைத்தார்கள், பேச்சிக்கனி தன் குடத்தைப் பூசணிக் கொடிக்கு ஊற்றினாள். கோமதியம்மாள் கடைசியாக ஒரு தடவை வந்து அடுப்புப் பக்கம் நின்றாள்.

"பொழுது எறங்கப் போவுதும்மா."

"ஆமா அத்தை" என்றாள் பகவதி. "எங்கம்மாவுக்கும் எறங்குச்சு."

அவள் வெந்ததை வெளியே இழுத்து எட்டாக வெட்டினாள். பலகையைப் போட்டு உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து ஊதி ஊதித் தின்றாள். பிறகு இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். தெருவில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது, நயினார் நின்ற இடத்தில் மட்டும் உச்சி வெயில் அப்படியே இருந்தது.